கோலாகலம்: ஆரவாரச் சொற்களும் எமது வரலாறும்

தமிழில் 'கோலாகலம்' என்றால் விழா. தேர் கோலாகலமாக இழுக்கப்பட்டது என்கிறோம். கலியாணம் கோலாகலமாக நடந்தேறியது என்கிறோம். இங்கு இலண்டனில் அச்சாகும் கோயில் பிரசுரங்களில் இந்தச் சொல் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. சிங்களத்தில் இதே சொல் 'கோலாஹலய' என வழங்குகிறது. அங்கே அதன் பொருள் கலவரம். 1915இல் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைச் சிங்களத்தில் 'சிங்கள-முஸ்லிம் கோலாஹலய' என்றே எழுதி வருகிறார்கள். 1983 யூலையையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு. ஒரே தீவில், ஒரே வடமொழி வேரிலிருந்து வந்த ஒரு சொல், ஒரு மொழியில் தேர்த் திருவிழாவாகவும் மறு மொழியில் தீவைப்பாகவும் நிற்கிறது.

இதை ஒரு மொழியியல் வேடிக்கையாகக் கருதிக் கடந்துபோகலாம். நான் அப்படிக் கருதவில்லை. எமது நூற்றாண்டின் பெரும் அழிவுகளுக்கு நாமும் பிறரும் சூட்டிய பெயர்களில் பல சத்தத்தைக் குறிக்கும் சொற்கள், அல்லது சத்தத்தால் உண்டாகும் மனக்கலக்கத்தைக் குறிக்கும் சொற்கள்: கலகம், கலவரம், குழப்பம், அமளி, கோலாஹலய, கலபல. சத்தத்துக்குப் பெயர் வைக்கும்போது அதைச் செய்தவனுக்குப் பெயர் வைக்கும் கடமை எமக்குத் தெரியாமலே கைநழுவிப் போகிறது. இந்தக் கட்டுரை அந்த நழுவலைப் பற்றியது. முடிவில் அது எம்மையும் கேள்வி கேட்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தது

வடமொழியில் 'கோலாஹல' என்பது பலர் ஒரே நேரத்தில் எழுப்பும், பிரித்துக் கேட்கமுடியாத பேரொலி. இந்தியிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இன்றும் அது பெரும்பாலும் கூச்சல், இரைச்சல், அமளி என்ற பொருளிலேயே நிற்கிறது. தமிழில் மாத்திரம் இரைச்சல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அலங்காரமும் ஆடம்பரமும் முன்னுக்கு வந்துவிட்டன.

பழந்தமிழ் நிலைமை வேறு. மாணிக்கவாசகரின் திருச்சாழலில் இச்சொல் 'கோலாலம்' என்ற வடிவில் வருகிறது. பாற்கடலில் நஞ்சு எழுந்தபோது உண்டான கொந்தளிப்பையும் ஆரவாரத்தையும் அது அங்கு குறிக்கிறது. அதில் விழாவும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. திருச்சாழல் பற்றிய மரபுக்கதை எமக்குப் புதிதல்ல. ஈழத்து அரசன் தன் பௌத்த குருமாரோடும் ஊமை மகளோடும் தில்லைக்கு வந்தான். வாதத்தின்போது மாணிக்கவாசகர் அந்த ஊமைப் பெண்ணைப் பேசவைத்தார். அந்தக் கேள்வி பதிலே திருச்சாழல் என்பது கதை. கதையின் வரலாற்று உண்மை எப்படியும் இருக்கட்டும். தமிழ்ச் சைவமும் ஈழத்துப் பௌத்தமும் மோதியதாக மரபு நினைவுகூரும் ஓர் இடத்திலேயே இந்தச் சொல் அதன் பழைய, அச்சந்தரும் பொருளோடு கிடக்கிறது என்பதைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.

வைணவ குருபரம்பரைக் கதையில் 'வித்வஜ்ஜன கோலாஹலன்' என்று ஒரு அரசவைப் பண்டிதன் வருகிறான். கற்றோரை எல்லாம் கலக்கி வெருட்டுகிறவன் என்பது அந்தப் பட்டத்தின் பொருள். சிறுவனாயிருந்த ஆளவந்தார் அவனை வாதத்தில் வென்றார் என்பது கதை. 15ஆம் நூற்றாண்டில் பாண்டிய மரபினன் ஒருவன் 'சமரகோலாகலன்' என்று விருதுப்பெயர் பூண்டான். அப்பெயர் பொறித்த காசுகளும் கிடைத்துள்ளன. சமரில் பேரமளியை உண்டாக்குபவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அக்காலத்தில் 'கோலாகலன்' என்று ஒருவனை அழைத்தால் அவன் கொண்டாடுகிறவன் அல்ல, கலக்குகிறவன். இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. இந்தப் பட்டங்களில் சத்தத்துக்கு உரிமையாளன் இருக்கிறான். யார் கலக்கினான் என்பது சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. 'கோலாகலன்' என்ற ஆண்பால் விகுதி போய், 'கோலாகலம்' என்ற அஃறிணைப் பெயர் மட்டும் மிஞ்சியபோது, செய்தவனும் சொல்லைவிட்டுப் போய்விட்டான்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்தபோதும் பேரொலி என்ற பொருள் அகராதிக்குள் உயிரோடுதான் இருந்தது. பேச்சிலும் பத்திரிகையிலும் ஆடம்பரப் பொருளே மேலோங்கியது. இதற்கு ஒரு காரணத்தை நான் ஊகிக்கிறேன். தமிழ்க் காது 'கோலாகலம்' என்ற சொல்லுக்குள் 'கோலம்' என்பதைக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் இடும் கோலம், மணக்கோலம், திருக்கோலம் என்று அழகைக் குறிக்கும் எமது சொந்தச் சொல், வந்த சொல்லை உள்ளே இழுத்துக்கொண்டது.

பௌத்த மரபில் இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்வு உண்டு. பாளி உரைநூல்கள் ஐந்து 'கோலாஹல'ங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஊழி முடியப்போகிறது, சக்கரவர்த்தி பிறக்கப்போகிறான், புத்தர் தோன்றப்போகிறார் என்பன போன்ற செய்திகளைத் தேவர்கள் முன்கூட்டியே உலகெங்கும் ஆரவாரித்து அறிவிப்பதே அது. புத்தரின் வருகையை அறிவிக்கும் பேரொலி 'புத்த கோலாஹல'. ஆகவே சிங்கள பௌத்தரின் சொந்த மரபிலும் இச்சொல்லுக்கு ஒரு புனிதமான, மங்கலமான முகம் இருந்திருக்கிறது. நவீன சிங்களத்தில் அந்த முகம் மங்கி, கலவரம் என்ற முகம் முன்னே வந்தது. தமிழில் நடந்ததற்கு நேர் எதிரான பயணம் இது.

2. மேளமும் பள்ளிவாசலும்: 1915

இந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று தெருவில் சந்தித்த ஆண்டு 1915. சொல்லாராய்ச்சியை விட்டு வரலாற்றுக்கு வருவோம்.

கம்பளையில் வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா மேளதாளத்தோடு வீதிவலம் வருவது வழக்கம். வழியில் கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மலையகத்திலும் தெற்கிலும் கடை வைத்திருந்தவர்கள் இவர்கள், தமிழ் பேசுபவர்கள். பள்ளிவாசலின் முன்னால் மேளத்தை நிறுத்திக்கொண்டு போகவேண்டும் என்றார்கள். அதிகாரிகள் ஊர்வலத்துக்கு அவ்வாறான நிபந்தனை விதித்தார்கள். தேவாலயத்தார் நீதிமன்றம் போனார்கள். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயச் சடங்குகளுக்கு அளித்த உத்தரவாதத்தை அவர்கள் முன்வைத்தார்கள். 1914 யூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதை மாற்றியது.

வழக்கின் மையம் ஒரு சத்தம். தேவாலயத்தாருக்கு அது பெரஹரா, எமது மொழியில் சொன்னால் கோலாகலம். தொழுகையில் நின்றவருக்கு அது இரைச்சல். ஒரே மேளத்தின் ஒலி அடிக்கிறவனின் காதில் ஒன்றாகவும் கேட்கிறவனின் காதில் வேறொன்றாகவும் விழுந்தது. யாருடைய காது சட்டத்தின் காது என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்து நான்கு மாதம் ஆகுமுன், 1915 மே 28 இரவு, வெசாக் கொண்டாட்டத்தின்போது கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் பக்திப் பாடற் குழுவின் ஊர்வலம் மோதலாக மாறியது. சில நாட்களில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கும் பரவியது. 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் வன்புணரப்பட்டார்கள். புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் நாளில், மேளத்தோடும் பாட்டோடும் தொடங்கியது இது. சிங்களச் சொல்லின் மங்கல முகமும் கலவர முகமும் ஒரே இரவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

அதன்பின் வந்தது பெயர் பற்றிய சண்டை. யூன் 2ஆம் திகதி தொடங்கி இராணுவச் சட்டம் வந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளை. ஆளுநர் சேர் ரொபேர்ட் சால்மர்ஸின் நிர்வாகம் இதனுள் ஒரு இராசத்துரோகச் சதியைக் கண்டது. மதுவொழிப்பு இயக்கத்தில் முன்னின்ற சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் யூலை 7இல் சுட்டுக்கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து நின்று கண்டித்ததும், இலண்டனுக்கு வந்து வாதாடியதும், 1916இல் இங்கேயே தனது நூலை வெளியிட்டதும் நாம் அறிந்தவை. நூலின் தலைப்பே அவருடைய வழக்கைச் சொல்கிறது: 1915இல் இலங்கையில் நடந்த கலவரங்களும் இராணுவச் சட்டமும். இது 'கலவரம்', 'கிளர்ச்சி' அல்ல. எனவே இராணுவச் சட்டத்துக்கு நியாயமில்லை என்பதே அவரது வாதத்தின் முதுகெலும்பு.

சட்டத்தரணி என்ற முறையில் அவர் செய்தது திறமையான வேலை. அப்பாவிகள் சுடப்பட்டபோது குரல் கொடுத்தது துணிச்சலான வேலையும்கூட. இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வாதத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? அரசு இதைத் துரோகம் என்றது; துரோகத்தில் பாதிக்கப்பட்டவர் மன்னர். இராமநாதன் இதைக் கலவரம் என்றார். அந்த வாதத்தில் பாதிக்கப்பட்டவர் இராணுவச் சட்டத்தில் அகப்பட்ட சிங்களவர். கடை எரிந்த முஸ்லிம் வியாபாரி இரண்டு வாக்கியங்களிலும் எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. அவர் நட்டஈட்டுப் பட்டியலில் ஒரு இலக்கமாகத்தான் வருகிறார். அந்த நட்டஈடும் சட்டம் ஒன்றின் மூலம் பிரதேசவாரியாகச் சிங்கள மக்களிடம் கூட்டாக அறவிடப்பட்டது. செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகக் கட்டினார்கள். சத்தத்துக்குத் தண்டனை விதித்தால் சத்தம் கேட்ட தெரு முழுவதும் கட்டவேண்டி வரும்.

இராமநாதன் இலண்டனிலிருந்து திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்ற கதையை எமது வீடுகளில் கேட்டு வளர்ந்தோம். கோலாகலமான வரவேற்பு. இந்தக் கதையை நாம் எப்போதும் ஒரே நோக்கத்துக்காகச் சொல்கிறோம்: பாருங்கள், அன்று எம்மவர் காப்பாற்றினார், பின்னர் அவர்கள் எமக்குச் செய்ததைப் பாருங்கள். அதே தெருக்களில் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய, கடையை இழந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவனின் காதில் அந்த ஆரவாரம் எப்படி விழுந்திருக்கும் என்று நாம் கேட்பதில்லை. தமிழ்-முஸ்லிம் உறவில் விழுந்த கீறல்களைப் பற்றி எழுதும்போது 1915ஐ விட்டுவிட்டு எழுதுவது எமக்கு வசதி. முஸ்லிம் எழுத்தாளர்கள் அதை விட்டுவிடுவதில்லை.

3. 'சம்பவங்கள்' முதல் 'கலவரம்' வரை

1915க்குப் பின் அடிபட்டவர் மாறினார்கள், பெயரிடும் முறை மாறவில்லை. 1958ஐப் பற்றித் தார்சி வித்தாச்சி எழுதிய நூல் அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்து இலங்கையில் தடைசெய்யப்பட்டது. நேர்மையான நூல். அதன் துணைத்தலைப்பு 'இனக் கலவரங்களின் கதை' என்றே சொல்கிறது. 1977 ஓகஸ்டில் தமிழர் தாக்கப்பட்டதை விசாரிக்க நியமிக்கப்பட்ட சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. குறித்த திகதிகளுக்கு இடையில் நிகழ்ந்த 'சம்பவங்கள்' பற்றிய அறிக்கை என்பது அதன் தலைப்பு. அங்கே சத்தம்கூட இல்லை.

தமிழில் நாம் 'கலவரம்' என்றோம். 'ஐம்பத்தெட்டுக் கலவரம்', 'எழுபத்தேழுக் கலவரம்', 'எண்பத்துமூன்று கலவரம்'. இச்சொல்லின் வரலாறும் கவனிக்கத்தக்கது. கலவரம் முதலில் மனத்தின் நிலை. 'அவன் முகத்தில் கலவரம் தெரிந்தது', 'செய்தி கேட்டுக் கலவரமடைந்தாள்' என்று இன்றும் கதைகளில் எழுதுகிறோம். பாதிக்கப்படுகிறவளின் நெஞ்சுக்குள் இருந்த சொல் வெளியே வந்து நிகழ்வின் பெயராகிவிட்டது. அதாவது எமக்கு நடந்ததற்கு எமது பயத்தின் பெயரையே சூட்டியிருக்கிறோம். பயந்தவரைச் சொல் நினைவில் வைத்திருக்கிறது, பயப்படுத்தியவனை மறந்துவிட்டது.

1983இல் நடந்தவற்றை இந்தச் சொல் எந்த அளவுக்குத் தாங்கும்? யூலை 24 இரவு பொரளைக் கனத்தையில் கூடிய கூட்டத்தின் ஆத்திரம் உண்மையானது. அதை மறுத்து எழுதுவது வரலாறு ஆகாது. அடுத்த நாட்களில் வாக்காளர் இடாப்புகளோடு வீடு வீடாக வந்தவர்களைப் பற்றிச் சாட்சியங்கள் ஏராளம். இடாப்பை வாசிப்பதற்கு ஆத்திரம் தேவையில்லை. எழுத்தறிவும் யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்த தாளும் போதும். வெலிக்கடைச் சிறைக்குள் யூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் 35 பேர், ஒரு நாள் விட்டு 18 பேர். பூட்டும் திறப்பும் அரசின் கையில் இருந்த இடம் அது. யூலை 28இல் சனாதிபதி ஜெயவர்த்தனா நாட்டுக்கு உரையாற்றியபோது பாதிக்கப்பட்டவருக்கு ஒரு அனுதாபச் சொல்லும் சொல்லவில்லை; சிங்கள மக்களின் உணர்வைப் பற்றியே பேசினார். உணர்வு, ஆத்திரம், கொந்தளிப்பு, கலவரம் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அரசுக்கு அவை தேவைப்பட்டன. எமக்கு ஏன் தேவைப்பட்டன?

4. இலண்டனில் கேட்ட கேள்வி

இந்த நாட்டின் சட்டம் அமளியைப் பற்றி நீண்டகாலம் யோசித்திருக்கிறது. 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் குழப்பம் விளைவித்தால், நீதவான் வந்து அறிவித்தலை வாசித்து ஒரு மணி நேரத்தில் கலையச் சொல்லலாம் என்றது. 1886 பெப்ரவரியில் இலண்டன் மேற்குப் பகுதியில் கடைகள் உடைக்கப்பட்டபின், அதே ஆண்டில் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. கூட்டம் 'கலகமாகவும் அமளியாகவும்' சொத்தை அழித்திருந்தால் பொலிஸ் நிதியிலிருந்து நட்டஈடு கொடுக்கப்பட வேண்டும். இரண்டு சொற்களும் வேண்டும் என்று நீதிமன்றம் பின்னர் வற்புறுத்தியது. 1967இல் ஒரு நகைக்கடை வழக்கு. சிலர் திடீரென உள்ளே நுழைந்து, ஊழியரை மிரட்டி, கொள்ளையடித்துப் போய்விட்டார்கள். அமளி இல்லை, ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈடும் இல்லை என்று தீர்ப்பு. பெருஞ்சத்தம் இருந்தால்தான் பொலிசுக்குக் கேட்டிருக்கும், கேட்டிருந்தால்தான் தடுக்கும் பொறுப்பு வரும் என்பது தர்க்கம். சட்டத்தின் காதுக்குள் விழாத அழிவு இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது. அந்த இரட்டைச் சொற்றொடர் 2016இல் வந்த புதிய சட்டத்தோடுதான் போனது.

அப்டன் பார்க்கில் குடியிருந்த காலத்தில் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் எம்மவருக்கு மொழிபெயர்த்து உதவி வந்தேன். வெள்ளவத்தையில் கடை வைத்திருந்த குடும்பத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். "எண்பத்துமூண்டிலை என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். "குழப்பம் தம்பி. சத்தம் கேட்டுது. கடையை அடிச்சு எரிச்சுப் போட்டுதுகள்." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: யார்? அம்மா முதலில் "சனம்" என்றார். யார் அந்தச் சனம் என்று மீண்டும் கேட்டபோது மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். முன்வீட்டுக்காரனின் மகன் கடையைக் காட்டிக் கொடுத்தான். இரண்டுபேர் கையில் தாள் இருந்தது. பொலிஸ் ஜீப் சந்தியில் நின்றது. பின்வீட்டுச் சிங்கள அம்மா வேலியால் கூப்பிட்டுப் பிள்ளைகளை உள்ளே எடுத்தாள். இருபது வருடம் 'குழப்பம்' என்ற சொல் இத்தனை பேரையும் மூடி வைத்திருந்தது. கொடுமை செய்தவனை மட்டுமல்ல, காப்பாற்றிய அயலவளையும் சேர்த்து மூடியிருந்தது.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டுச் சமவாயம் துன்புறுத்தலுக்கு அஞ்சுவதைப் பற்றிப் பேசுகிறது. துன்புறுத்தல் என்றால் துன்புறுத்துபவன் இருக்கவேண்டும். அல்லது தடுக்கக்கூடியவன் தடுக்காமல் இருந்திருக்க வேண்டும். 'கலவரத்துக்குப் பயந்து வந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அது புயலுக்குப் பயந்து வந்தேன் என்பதுபோல அதிகாரியின் காதில் விழும். இந்தக் கேள்வியை ஒரு வெள்ளைக்காரச் சட்டத்தரணி கேட்டுத்தான் எமது வாக்கியங்களுக்கு எழுவாய் வந்தது என்பது எம் எல்லோருக்கும் யோசிக்கக்கூடிய விடயம்.

இதே தெருவில் வேறொரு நாளும் நினைவுக்கு வருகிறது. வெஸ்ட் ஹாம் உதைபந்தாட்டக் கழகம் 1904இலிருந்து ஆடிவந்த மைதானத்தில் 2016 மே 10இல் கடைசிப் போட்டி நடந்தது. பிரியாவிடைக் கொண்டாட்டம். தெரு முழுவதும் பாட்டும் புகையும். அதே கூட்டத்துக்குள்ளிருந்து மான்செஸ்டர் யுனைட்டெட் அணி வந்த பஸ்ஸுக்குப் போத்தல்கள் பறந்தன. ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தியது. மறுநாள் யாரும் 'சத்தம் நடந்தது' என்று எழுதவில்லை. ஒளிப்பதிவுகளைப் பார்த்து எறிந்தவர் யார் என்று தேடினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாடினார்கள், சிலர் எறிந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் பழக்கம்தான் நான் கேட்பது.

5. சத்தமில்லாத நாள்

இனி எமது பக்கம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சோனகத் தெருவிலிருந்து போன ஒருவரை இங்கே சந்தித்தபோது அவர் சொன்னது: "ஒலிபெருக்கியிலை சொன்னதுதான் சத்தம் தம்பி. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அயலட்டைச் சனம் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது."

இதற்கு எமது மொழியில் கலவரப் பெயர் எதுவும் இல்லை, ஏனென்றால் கலவரம் நடக்கவில்லை. கடை எரியவில்லை, கூட்டம் கூடவில்லை. ஆகவே பல வருடங்களாக இது எமது வரலாற்றின் பட்டியலில் ஏறவில்லை. ஏறியபோதும் 'வெளியேற்றம்', 'இடப்பெயர்வு', 'அந்தத் துன்பியல் சம்பவம்' என்றுதான் ஏறியது. சன்சோனி அறிக்கையின் 'சம்பவங்க'ளைக் கண்டித்த அதே பேனைகள் இங்கே அதே சொல்லைத் தேடி எடுத்தன. சத்தத்தை அளவுகோலாக வைத்த ஒரு சமூகம், ஓசையில்லாமல் ஒழுங்காக நடத்தப்பட்ட அநீதியைக் கேட்காமல் போவது ஆச்சரியமல்ல. நகைக்கடை வழக்கின் தர்க்கத்தை நாமும் பின்பற்றினோம்: அமளி இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, 1983ஐயும் 1990ஐயும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது. நான் நிறுக்கவில்லை. இறந்தவர் தொகையும் அரசின் பங்கும் வேறு வேறு. இரண்டையும் சொல்லும் வாக்கியத்தின் இலக்கணம் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறேன்: யார், யாருக்கு, என்ன செய்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மறுப்பு வலுவானது. 'கலவரம்' என்பதை விட்டு 'இனப்படுகொலை' என்று சொல்லத் தொடங்கிவிட்டோமே, அது போதாதா என்பது. அச்சொல்லுக்குரிய சட்டப் பொருளையும் அதைக் கோரும் நியாயத்தையும் நான் குறைக்க வரவில்லை. ஆனால் ஊர்வலங்களில் தினமும் உரத்துச் சொல்லப்படும் எந்தச் சொல்லும் தானே ஒரு ஆரவாரமாகிவிடும் அபாயம் உண்டு. 'இனப்படுகொலை' என்று எழுதிவிட்டு, பெயர், திகதி, கட்டளை, இடாப்பு, பூட்டு, திறப்பு எதையும் எழுதாமல் விட்டால், அது பெரிய எழுத்தில் அச்சடித்த 'கலவரம்' மாத்திரமே.

சிங்கள நண்பர்கள் 'கோலாஹலய' என்ற சொல்லைக் கைவிடவேண்டும் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அவர்களுள் சிலர் 'கறுப்பு யூலை' என்று எழுதி, யார் செய்தார்கள் என்றும் எழுதத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. அதே கேள்வியை முஸ்லிம் நண்பர்கள் எம்மிடம் கேட்கும்போது எம்மிடம் இருக்கும் வாக்கியம் எது? இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் இதற்கு எழுதவேண்டும் என்பது என் விருப்பம்.

கோலாகலத்தைப் பொறுத்தவரை, அதை அகராதியிலிருந்து நீக்கச் சொல்ல நான் வரவில்லை. கிழக்கு இலண்டனில் எமது தேர்கள் வீதிக்கு வருகின்றன. நகரசபை அனுமதியும் பொலிஸ் ஒழுங்கும் வாங்கியே வருகின்றன. வழியில் பள்ளிவாசல்களும் குருத்துவாராக்களும் தேவாலயங்களும் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் எமக்குக் கோலாகலம். அடுத்த வீட்டில் இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுத்திருப்பவருக்கு அது என்ன என்பதைக் கம்பளை வழக்கு நூறு வருடத்துக்கு முன்பே எமக்குச் சொல்லிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் இந்தச் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதன் இரண்டு பொருளையும் சேர்த்தே கற்பிக்கட்டும்.